ஓசூருக்கு வருகிறவர்கள், தர்மபுரியிலிருந்து போகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் டீக்கடையிலும் கம்பெனி கேட்டிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாடு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலை வருவதற்கு முன்னால் அதற்கு எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மெகாவாட் மின்சாரம் என்று பல வருடங்களுக்கு முன்பே கணக்குப் போடுகிறோம். அங்கே வேலை செய்யப்போகும் ஆள் யார், எங்கிருந்து வருவார், எங்கே படுப்பார் என்ற கணக்கை மட்டும் கான்ட்ராக்டரிடம் விட்டுவிடுகிறோம். அதற்கப்புறம் வந்து இறங்கியவனைப் பார்த்துக் கோபப்படுகிறோம். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் நம் பக்கத்தில் மொத்தம் எத்தனை பேர்?

யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. அப்போது தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுமார் 18.8 லட்சம் பேர். 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்தது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். ஓசூர் மாநகராட்சி ஆனது 2019இல், பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் மின்சார வண்டிக் கம்பெனிகளும் வந்தது அதற்கு முன்னும் பின்னுமாக. அதாவது இந்த ஊர் தலைகீழாக மாறிய காலம் முழுக்கக் கணக்கெடுப்பே இல்லாத காலம்.

மாநிலத் தொழிலாளர் துறை 2015–16இல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதும் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்று வந்தது. அதற்கப்புறம் பதிவு செய்யச் சொல்லி நிறுவனங்களுக்கு இணையதளம் வைத்தார்கள். பெரிய கம்பெனி பதிவு செய்யும். ராயக்கோட்டை ரோட்டில் கட்டடம் கட்டும் மேஸ்திரியோ, பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்ட ஆள் வைத்திருப்பவரோ பதிவு செய்வாரா? அந்த ஆளும் மூன்று மாதத்தில் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்.

கனடா, பிரிட்டன் மாதிரி "வருடத்துக்கு இத்தனை பேர்தான்" என்று வரம்பு போட முடியாதா?

முடியாது. ஜார்க்கண்டிலிருந்து ஓசூருக்கு வருகிறவர் குடியேறியவர் கிடையாது, குடிமகன். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு நாட்டுக்குள் எங்கும் போக, எங்கும் தங்க, எந்தத் தொழிலும் செய்ய உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்துத்தான் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் பெங்களூருக்குப் போய் டைல்ஸ் ஒட்டுகிறார்.

ஆனால் அந்த நாடுகளின் அனுபவத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கனடாவில் அடுத்த ஆண்டு எத்தனை பேருக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி என்ற திட்டத்தை அமைச்சர் ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2025க்கு 5 லட்சம் பேர் என்று வைத்திருந்த இலக்கை 2024 அக்டோபரில் 3.95 லட்சமாகக் குறைத்தார்கள், 2027க்கு 3.65 லட்சம் என்றார்கள். காரணம், வந்தவர்களுக்கு வீடு போதவில்லை, வாடகை எகிறியது, மருத்துவமனையில் இடமில்லை. ஆளைக் கணக்குப் போட்டார்கள், வீட்டைக் கணக்குப் போடவில்லை. பிரிட்டனில் 2010இலிருந்து நிகரக் குடியேற்றத்தை (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்) ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னார்கள். ஒரு வருடம்கூட நடக்கவில்லை. 2023இல் அது 9 லட்சத்தைத் தாண்டிப் போனது. முதியோரைப் பார்த்துக்கொள்ள, மருத்துவமனையில் வேலை செய்ய அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. எண்ணை மேடையில் சொல்வது சுலபம், அந்த வேலையை அப்புறம் யார் செய்வார் என்பதற்குப் பதில் இல்லாமல் சொன்னால் எண் நிற்காது.

சரி, உள்ளூர்க்காரர்களுக்கு 75 சதவீதம் என்று சட்டம் போட்டால்?

ஹரியானா போட்டது. மாதம் 30,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் உள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் அந்த மாநிலத்தவருக்கு என்று. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆந்திரா 2019இலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. நம் மாநிலத்திலும் 2021 தேர்தலில் தி.மு.க. 75 சதவீத வாக்குறுதி கொடுத்தது.

அரசு வேலையில் நிலைமை வேறு. அங்கே தமிழ்நாடு செய்திருப்பது கெட்டிக்காரத்தனமான வேலை என்று நினைக்கிறேன்: 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேர்ச்சி கட்டாயம். பிறந்த ஊரைக் கேட்காமல், மக்களிடம் பேசத் தெரியுமா என்று கேட்பது நியாயமான நிபந்தனை. ஆனால் அசெம்பிளி லைனில் திருகு முடுக்குகிறவருக்கு அதே நிபந்தனை வைத்தால் நீதிமன்றத்தில் நிற்காது.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். கம்பெனி ரோலில் 75 சதவீதம் நம்ம ஆள் என்று காட்டிவிட்டு, மீதி வேலை முழுக்கக் கான்ட்ராக்டில் போனால் கணக்கில் வராது. கான்ட்ராக்ட்டைத் தொடாத எந்த ஒதுக்கீட்டுச் சட்டமும் நமக்குச் சோறு போடாது.

கர்நாடகாவும் அதேபோல் ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்ததே, அது நம்மை எப்படிப் பாதிக்கும்?

நேரடியாக. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மசோதாவில் நிர்வாகப் பொறுப்புகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று இருந்தது. உள்ளூர்க்காரர் என்றால் அங்கே பிறந்து, 15 வருடம் வாழ்ந்து, கன்னடம் பேச எழுதப் படிக்கத் தெரிந்தவர். தொழில்துறையினர் எதிர்ப்புத் தெரிவித்ததும் இரண்டொரு நாளில் நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

அது சட்டமானால் முதலில் அடிவாங்குவது யார்? காலை ஆறு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகினி, எலக்ட்ரானிக் சிட்டி என்று போகிற கூட்டம் அத்தனையும் நம்ம ஆட்கள். சூளகிரி, பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்தெல்லாம் வருகிறவர்கள். ஓசூரில் பீகார்க்காரரைப் பார்த்து நாம் சொல்கிற ஒவ்வொரு வாசகத்தையும் அப்படியே கன்னடத்தில் நம்மிடம் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களை எரித்தபோது, அத்திப்பள்ளியில் இறங்கி, குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் 1991 டிசம்பரில், அதே காவிரிப் பிரச்சினையில் கர்நாடகாவில் தமிழர்களைத் தாக்கிய கலவரம். 1960களில் பம்பாயில் தென்னிந்தியர்களைத் துரத்தச் சொன்ன அரசியலும் இதே மண்ணின் மைந்தர் பேச்சுதான்.

ராஞ்சியிலிருந்து பெண்களைக் கூட்டிவந்தார்களே, கிருஷ்ணகிரியில் பெண்களே இல்லையா?

இந்தக் கோபம் கிளம்பியது 2022 நவம்பரில். ஓசூர் அருகே ஐபோன் தயாரிக்கும் பெரிய ஆலை வருகிறது, 60,000 பேருக்கு வேலை, முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஒரு விழாவில் சொன்னார். நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கோபம் நியாயமானதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கம்பெனி ஏன் அவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிற பெண் மூன்று ஷிஃப்டுக்கும் வருவார். மாரியம்மன் பண்டிகைக்கு லீவு கேட்க மாட்டார், அத்தை மகள் சடங்குக்குப் போக மாட்டார். ஓ.டி. பார்க்கச் சொன்னால் பார்ப்பார், ஏனென்றால் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து என்ன செய்வது? ஊரில் ஆதரவு இல்லாததால் பிரச்சினை என்றால் குரல் எழுப்பவும் தயங்குவார். ஆக, நம் பெண்களைவிட அவர் கெட்டிக்காரர் என்பது காரணமில்லை, அவர் தனியாக இருக்கிறார் என்பதுதான் காரணம். அந்தத் தனிமைதான் அங்கே விலைக்கு வாங்கப்படுகிறது. நாம் எதிர்க்க வேண்டியது அதை. அந்தப் பெண்ணை எதிர்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நம் பக்கம் என்ன தடை? பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண்ணுக்கு இந்த வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். வீட்டில் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதில்லை. "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் எங்கம்மா விடும்?" என்பதுதான். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் விட்டுவிட்டுப் போகும், அங்கிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர், விளக்கு இல்லை. இரண்டாவது கேள்வி, இந்த வேலை எத்தனை நாளைக்கு? பதினோரு மாதம், அப்புறம் பார்க்கலாம் என்றால், அதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிடுவார். ஒரு தெருவிளக்கும் ஒரு நிரந்தர வேலை உத்தரவும் இருந்தால் மாறிவிடக்கூடிய முடிவு அது.

முடியாத காரியம் கிடையாது. போச்சம்பள்ளி பக்கத்து மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களை வைத்தே நடத்தப்போகிறோம், 10,000 பேர் என்று ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் அரசே 18,720 படுக்கைகளோடு ஒரு தங்கும் வளாகம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது, அங்கே எலக்ட்ரானிக்ஸ் ஆலைப் பெண்கள் தங்குகிறார்கள். அதே மாதிரி ஒன்று நம் பக்கத்தில் ஆலை திறப்பதற்கு முன்னாலேயே தயாராக இருந்தால், தர்மபுரிப் பெண்ணின் அப்பாவிடம் பேச நமக்கு ஏதாவது இருக்கும்.

"நம்ம பசங்களுக்கு உழைக்க விருப்பம் இல்லை" என்று முதலாளிகள் சொல்கிறார்களே?

இதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதே பசங்கள்தான் பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் சாரம் கட்டுகிறார்கள், இரவு முழுக்க லாரி ஓட்டுகிறார்கள், திருப்பூரில் டையிங்கில் நிற்கிறார்கள்.

சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வைத்துப் பேசலாம். பொதுவாக நம் பக்கத்துப் பையன் கொண்டுவந்து காட்டுகிற சீட்டில் மேலே ஒரு தொகை பெரிதாக இருக்கும். அதற்குள்ளேயே வருகைக்கான ஊக்கத்தொகை, ஷிஃப்ட் படி எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு நாள் வராவிட்டால் அந்த ஊக்கத்தொகை மொத்தமாகப் போகும். கீழே பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம். இவை நமக்கு நல்லது, பிடிக்கத்தான் வேண்டும். அதற்குக் கீழே கேன்டீன், பஸ், யூனிஃபார்ம். கடைசியில் கையில் வருவதில் ரூம் வாடகை கொடுத்து, வண்டிக்கு பெட்ரோல் போட்டால், ஊரில் அப்பாவோடு தக்காளித் தோட்டத்தில் நின்றிருந்தால் கிடைத்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சீட்டின் தலைப்பில் கம்பெனி பெயர் இருக்காது, கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அதை உழைக்க விருப்பமில்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. உயர்கல்வியில் சேர்கிறவர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டுச் சராசரி 28 சொச்சம் (2021–22 கணக்கு). கடன் வாங்கிப் படிக்கவைத்த வீடு பத்தாவது பாஸ் வேலைக்குப் போகச் சொல்லாது. படித்தவர்களுக்கான வேலையை நாம் போதுமான அளவு உண்டாக்கவில்லை, உண்டாக்கிய வேலையைப் படித்தவர் ஏற்கும்படி வைக்கவில்லை. இரண்டும் திட்டமிடலின் கோளாறுகள்.

அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால்தானே நம் கூலி ஏறாமல் நிற்கிறது?

சில வேலைகளில் ஆமாம். செங்கல் சூளை, கிரானைட் குவாரி, கட்டட சென்ட்ரிங், ஓட்டல் சமையல்கட்டு போன்ற இடங்களில் கூலி பேசும்போது "இந்திக்காரன் இவ்வளவுக்கு வரான்" என்ற பேச்சு வந்துவிடும். இதை இல்லை என்று மறுப்பவர்கள் கூலி பேசிப் பார்க்காதவர்கள்.

ஆனால் இதற்கு மருந்து 1979ஆம் வருடத்திலேயே எழுதப்பட்டது. அந்த வருடம் வந்த மாநிலங்களிடை இடம்பெயர் தொழிலாளர் சட்டத்தில், ஒரே மாதிரி வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதையேதான் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் தர வேண்டும் என்று இருந்தது. அது அவருக்குப் பாதுகாப்பு, அதைவிட நமக்குப் பாதுகாப்பு. ஆள் மலிவு என்பதற்காகவே வெளியிலிருந்து கூட்டிவரும் வழி அடைபட்டிருக்கும். அமல்படுத்தவில்லை. ஆய்வாளர்கள் போதாது, கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுப்பதில்லை, தொழிலாளிக்குச் சட்டம் தெரியாது. உள்ளூர்த் தொழிலாளி பிழைக்க வேண்டுமானால் ஒடிசாக்காரருக்குச் சரியான கூலி கிடைக்க வேண்டும். நம் சங்கங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1979 சட்டம் அதில் ஒன்றுக்குள் போய்விட்டது. நல்லது: கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் மட்டுமில்லாமல் தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும் இப்போது இடம்பெயர் தொழிலாளர்தான், சொந்த ஊர் போய்வரப் பயணப்படியும் உண்டு. கெட்டது: முன்பு 5 பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும், இப்போது 10 பேர் வேண்டும். நம் பக்கத்தில் எத்தனை மேஸ்திரிகளிடம் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்? சிறிய சைட்டுகள் அப்படியே விலகிப்போகும்.

தர்மபுரிக்காரர்கள் ஏன் இவ்வளவு பேர் வெளியே போகிறார்கள்?

1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பிரிந்தபோது ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது. கம்பெனிகள் அங்கே, மானாவாரி நிலம் இங்கே. 2011 கணக்கில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். தடங்கம், அதியமான்கோட்டைப் பக்கம் சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) என்று வெகுகாலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மழை பொய்த்த வருடத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் கிராமங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். தாத்தா பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். சித்தேரி மலையிலிருந்து கர்நாடகாவுக்கும் கேரளாவுக்கும் தோட்ட வேலைக்குப் போவார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டக் கூட்டிப்போனவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள். திருவண்ணாமலைக்காரர்களோடு தர்மபுரி மாவட்டத்தவர்களும் அதில் உண்டு. புரோக்கர் அட்வான்ஸ் கையில் கொடுத்து, என்ன வேலை என்று முழுசாகச் சொல்லாமல் வண்டியில் ஏற்றுவது எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜார்க்கண்டில் அதே புரோக்கர் வேறு பெயரில் இருக்கிறார்.

வாடகை ஏறிப்போச்சு, தண்ணீர் இல்லை. இதற்கு அவர்கள்தானே காரணம்?

மூக்கண்டப்பள்ளி, சிப்காட், ஜூஜூவாடிப் பக்கம் லைன் வீடுகளைப் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட்காரர் படுப்பார். வராந்தா கோடியில் ஒரு கழிவறை. வாடகை தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், அதனால் ஒரு குடும்பம் தரக்கூடிய வாடகையைவிட அதிகம் கிடைக்கிறது, அதனால் குடும்பத்துக்கு வீடு கிடைப்பதில்லை. அந்த வீட்டுக்காரர் நம்ம ஆள்தான். கழிவுநீருக்கும் குடிநீருக்கும் ஊரின் பழைய கணக்கை வைத்துக் குழாய் போட்டவர்களும் நம்ம ஆட்கள்தான்.

கேரளா அரசு பாலக்காடு கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு "அப்னா கர்" என்று விடுதி கட்டியது. 2017இல் "ஆவாஸ்" என்று காப்பீடும் கொண்டுவந்தது. எல்லாரையும் அது எட்டியிருக்காது, ஆனால் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் படுக்க இடமும் வேண்டும் என்பதை ஒத்துக்கொண்ட அரசு அது.

அவர்கள் வந்தபிறகு குற்றம் பெருகிவிட்டது என்கிறார்களே?

குற்றம் செய்தவரைப் பிடித்துத் தண்டியுங்கள், அவர் எந்த ஊராக இருந்தாலும். ஒருவர் செய்ததற்கு ஒரு ரயில் முழுக்க வந்தவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பியது. அந்த வதந்தியால் பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. அப்போது நாம் எவ்வளவு அவமானப்பட்டோம்? நம்மைப் பற்றிப் பொய் பரப்பினால் வலிக்கிற மாதிரிதான் அவர்களுக்கும்.

இவர்கள் எல்லாம் இங்கே ஓட்டு வாங்கிவிட்டால் நம் அரசியல் என்ன ஆகும்?

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே ஓட்டு, ஒரே ஒரு இடத்தில். தற்காலிகமாக வெளியே போனால் சொந்த ஊர் ஓட்டு போய்விடாது. ஆறு மாதம் வந்து போகிறவருக்கு ஓட்டு அவர் ஊரில்தான். குடும்பத்தோடு பத்து வருடமாக இங்கே இருந்து, பிள்ளையை நம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கவைப்பவர் கேட்டால் கொடுப்பதுதான் சட்டம். பெங்களூரில் தமிழர்கள் ஓட்டுப் போடுவதும் அப்படித்தான்.

எப்படிப் பார்த்தாலும் இவர்கள் வராமல் நிறுத்திவிட்டால் நமக்கு நல்லதுதானே?

நம் வீடுகளில் குழந்தைகள் குறைந்துவிட்டன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. அறுபது வயது தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்த இடம். இன்னும் பதினைந்து வருடத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கும் ஓசூர் ஃபவுண்டரிக்கும் மட்டுமில்லை, படுத்த படுக்கையாக இருக்கும் நம் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடுவோம். பிரிட்டன் மாட்டிக்கொண்ட இடம் அதுவேதான். அப்போது பீகாரிலும் குழந்தைகள் குறைந்திருக்கும்.

அப்படியென்றால் ஆள் திட்டமிடல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதலீட்டு ஒப்பந்தம் போடும்போதே "இத்தனை கோடி, இத்தனை ஆயிரம் வேலை" என்று அறிவிக்கிறார்கள். அந்த இத்தனை ஆயிரத்தை உடைத்துச் சொல்லச் சொல்ல வேண்டும். எந்த வருடம் எத்தனை வெல்டர், எத்தனை சி.என்.சி. ஆபரேட்டர், எத்தனை தரப் பரிசோதகர், எத்தனை பேர் கம்பெனி ரோல், எத்தனை பேர் கான்ட்ராக்ட். மாவட்டத்துக்கு ஒரு அட்டவணை. அதைப் பொதுவில் போட வேண்டும்.

அந்த அட்டவணை இருந்தால் தர்மபுரி ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று முன்கூட்டியே மாற்றலாம். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புது இயந்திரங்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள், 2022இலிருந்து மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஐ.டி.ஐ. ஒரு பக்கம் பிட்டர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்க, ஆலை வேறு வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தால், ஜாதகம் பார்க்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதைதான். இரண்டு வருடப் படிப்பு முடிந்து பையன் வெளியே வரும் மாதமும் ஆலை ஆள் எடுக்கும் மாதமும் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம், அரசு மானியம் வாங்கும் கம்பெனி நிரந்தர ஊழியர் விகிதத்தை வருடாவருடம் காட்ட வேண்டும். உள்ளூர்க்காரர் எத்தனை என்பதோடு, இரண்டு வருடம் கழித்து அதில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும். எனக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். இவ்வளவையும் செய்தபிறகும் ஆள் போதாவிட்டால் வெளியிலிருந்து வரட்டும், அவர்களுக்கான படுக்கையையும் பள்ளிக்கூட இருக்கையையும் அதே அட்டவணையில் சேர்த்துக் கட்டுவோம். யாருக்கும் யார்மேலும் கோபம் வர வேண்டியதில்லை.

என் மகன் வெளிநாடு போகப் பார்க்கிறான். அங்கேயும் கதவை மூடுகிறார்களே?

மூடுகிறார்கள், எல்லாக் கதவையும் அல்ல. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது. பிரிட்டன் 2025 ஜூலையில் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தியது. திறன் விசாவுக்கான சம்பள வரம்பை 41,700 பவுண்டாக ஏற்றியது. ஜெர்மனி மறுபக்கம் போகிறது: இந்தியத் திறன் தொழிலாளர் விசாவை வருடத்துக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. செவிலியர், எலக்ட்ரீஷியன் என்றால் மொழி படித்துக்கொண்டு முயற்சி செய்யலாம்.

எதுவானாலும் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று மத்திய அரசின் இ–மைகிரேட் தளத்தில் பாருங்கள். அவர்கள் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாநில அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978இலிருந்து இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பாருங்கள்.

இதில் என்னைப் போன்ற ஒரு ஆள் என்ன செய்ய முடியும்?

கிராம சபைக்குப் போங்கள். மே 1ஆம் தேதி கூட்டமும் அதில் ஒன்று, தொழிலாளர் தினத்திலேயே. உங்கள் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கம்பெனி ரோல் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, பெண்கள் எத்தனை, வெளிமாநிலத்தவர் எங்கே தங்கவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற விவரத்தை மாவட்ட ஆட்சியர் வழியாகக் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வீட்டில் லைன் வீடு வாடகைக்கு விட்டிருந்தால் அறைக்கு எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக் குறையுங்கள். கட்டட வேலைக்கு மேஸ்திரியை வைக்கும்போது ஆட்களுக்கு என்ன கூலி கொடுக்கிறார் என்று கேளுங்கள், அவர்களிடமே நேராகக் கேளுங்கள். இப்போது ஓரளவு எல்லாருக்குமே தமிழ் தெரிகிறது.